கிளாஞ்சாவா, சுவிஃப்ட் ஸ்போர்ட்டா? கிளிநொச்சி வெயிலுக்கு எது தாங்கும்?

கரடிப்போக்கு எழுதியது:

வணக்கம். எனக்கு 28 வயது. கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இப்போதுதான் ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்கு வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் 660 சிசி சின்னக் கார் எடு, பெற்றோல் மிச்சம் என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கியர் மாற்றி ஓட்டும் வேகமான சின்னக் கார் ஒன்றைத்தான் கனவில் வைத்திருக்கிறேன்.

இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று குருநாகலில் நிற்கும் 1997 டொயோட்டா ஸ்டார்லெட் கிளாஞ்சா வி. மற்றது யாழ்ப்பாணத்தில் நிற்கும் 2013 சுசூகி சுவிஃப்ட் ஸ்போர்ட், 1.6 லீற்றர், ஆறு கியர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கிளாஞ்சாவில் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும் டர்போ இருக்கிறது, சுவிஃப்டில் இல்லை. ஆனால் குதிரைவலு ஏறத்தாழ ஒன்றுதான். எதை எடுப்பது? உலகமே மின்சாரக் காருக்கு மாறும்போது பெற்றோல் காரில் பணத்தைப் போடுவது மடத்தனமா? இதற்கெல்லாம் மேலாக, வாங்கினால் எங்கே ஓட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா வாசகன் எழுதியது:

உங்கள் வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏ9 வீதியில் காருக்கு உச்ச வேகம் ஊர்மனைக்குள் 50, வெளியே 70. ஓமந்தை தாண்டினால் பொலிசார் எந்த மரத்தடியில் நிற்பார்கள் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். 135 குதிரைவலுவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? நான் ஒரு ஹைபிரிட் வைத்திருக்கிறேன். வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வாரம் ஒரு முறை போய் வருகிறேன். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

பரந்தன் கராஜ்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்துவிட்டேன். இன்று கராஜைப் பூட்டிவிட்டு வந்து ஆறுதலாக எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் தலைப்பிலேயே அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். கிளாஞ்சாவின் எஞ்சின் 1331 சிசி. அதில் டர்போவை வைத்து 135 குதிரைவலு எடுத்தார்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அந்தக் காரில் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. பொனற்றில் உள்ள துவாரத்தால் காற்று வேகமாக உள்ளே வந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். ஓடிக்கொண்டே இருக்கும் காருக்கு அது போதும். ஆனால் சித்திரை மாதத்து மதியம், கரடிப்போக்குச் சந்தியில், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்றின் பின்னால் ஊர்ந்து போகிறீர்கள் என்று வையுங்கள். கீழிருந்து வரும் எஞ்சின் சூட்டில் இன்டர்கூலர் வெந்துபோகும். சந்தி தாண்டியதும் நீங்கள் மிதித்தால் சிலிண்டருக்குள் போவது கொதித்த காற்று. அதோடு தொட்டியில் சூட்டில் தானாக வெடிப்பதைக் குறைவாகத் தாங்கும் 92 ஒக்டேன் பெற்றோலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. மண்ணெண்ணெய்தான் சொல்லித் தந்தது.

1997 இல் நாங்கள் மல்லாவியில் இருந்தோம். கிளிநொச்சி இடம்பெயர்ந்ததற்கு மறு வருடம். எனக்கு 16 வயது, சித்தப்பாவின் தகரக் கொட்டிலில் கை பழகிக்கொண்டிருந்தேன். வன்னிக்குப் பெற்றோல் வருவது அடைபட்டிருந்த காலம் அது. மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பற்றாது. ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்பரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினை எழுப்பி, அது நன்றாகச் சூடேறிய பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வீடு வந்து சேர்வதற்குக் கொஞ்சத் தூரம் முன்பாகவே மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்பினால்தான் கார்பரேற்றருக்குள் நிற்கும் மண்ணெண்ணெய் தீர்ந்து அடுத்த நாள் காலையில் எஞ்சின் எழும்பும். எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். ஆகவே ஒயில் கம்பியை இழுத்து முகர்ந்து பார்ப்பது எனக்கு அன்றாட வேலை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தலைவலி தட்டல். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது, பிளக் மூட்டிய தீ முழுவதும் பரவுவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். பிஸ்டன் தலையில் சின்னச் சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். சித்தப்பா திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைத் தன் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். மறு கையால், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரை மயிரிழை அளவு திருப்பித் தீப்பொறியைப் பிந்தச் செய்வார். சத்தம் அடங்கும். கூடவே இழுவையும் கொஞ்சம் போகும். எவ்வளவு இழுவையை விட்டுக்கொடுத்து எவ்வளவு ஆயுளை வாங்குவது என்பதுதான் அந்தக் கொட்டிலில் நடந்த பேரம். இன்றைக்குக் கிளாஞ்சாவுக்குள் இருக்கும் கணினியும் அதே பேரத்தைத்தான் பேசுகிறது. தட்டலைக் கேட்கும் உணரி ஒன்று எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது சத்தம் கேட்டதும் தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே வன்னி வெயிலில் 92 ஊற்றி ஓட்டினால் நீங்கள் காசு கொடுத்த 135 குதிரைகளில் பல கொட்டிலை விட்டு வெளியே வரமாட்டா. யாராவது டர்போ அழுத்தத்தைக் கூட்டிவிட்டுப் பழைய கணினியை அப்படியே விட்டிருந்தால் பிஸ்டனே உடையும். கிளாஞ்சா என்றால் 95 மட்டும்தான், அதையும் உங்கள் பக்கத்தில் எந்த நிலையத்தில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று முதலே விசாரித்து வையுங்கள்.

மொறிஸ் மைனரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. அந்தக் காரில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே போகும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும். புகையின் சூடு உள்ளே போகும் கலவையைச் சூடாக்கும். அந்தச் சூடுதான் மண்ணெண்ணெயை ஆவியாக்கி வன்னியை ஓடவைத்தது. 2002 இல் பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போனபோது ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கிலக் கார்ச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டினேன். ஒரு பந்தயக் காரின் எஞ்சின் படம். அந்த வால்வு மூடியை நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நூறு தடவை கழற்றியிருப்பேன். கடைக்காரரிடம் கேட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். மினி கூப்பர் எஸ். 1952 இல் 803 சிசியாக மைனருக்குள் வந்த அதே குடும்பத்து எஞ்சின் 1071 சிசியாக வளர்ந்து, 1964 இல் பனி மலையில் மொன்டே கார்லோ ரலி என்ற வீதிப் பந்தயத்தை வென்றிருக்கிறது. ஓட்டியவர் பாடி ஹொப்கேர்க். இரண்டாவதாக வந்தது 4.7 லீற்றர் வி8 எஞ்சின் பூட்டிய ஃபோர்ட் ஃபால்கன். எண்ணெய்ப் புகைக்குள் நான் கழுவிக்கொண்டிருந்த இரும்புக்கு இப்படி ஒரு தமையன் இருந்திருக்கிறான் என்று தெரிந்த அன்று எனக்கு இரவு நித்திரை வரவில்லை. அன்றிலிருந்துதான் நான் பந்தயம் பார்க்கிறேன்.

அதனால் எனக்கு வேகக் கார் என்றால் முதலில் நிறை, பிறகுதான் வலு. கிளாஞ்சா ஏறத்தாழ 920 கிலோ. சுவிஃப்ட் ஸ்போர்ட் 1050. இன்று வரும் ஹியுண்டாய் ஐயோனிக் 5 என் 650 குதிரைவலு காட்டுகிறது, நிறையோ 2200 கிலோ அளவில் நிற்கிறது. அதைச் செய்த பொறியியலாளர்களை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். அவ்வளவு பாரத்தை அப்படி வளைத்துத் திருப்புவது பெரிய வித்தை. ஆனால் இல்லாத கியரை இருப்பது போல நடிக்க வைத்து, ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தம் போடும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. மின்சார மோட்டாருக்கென்று ஓர் அழகு இருக்கிறது, தொட்டதும் முழு இழுவை. அதை அப்படியே விட்டால் என்ன?

நிறையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் பிரேக். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் மிட்சுபிஷி லான்சரை வவுனியாவிலிருந்து இரவில் கொண்டு வந்தேன். கனகராயன்குளம் தாண்டியதும் தார் வீதியில் சூடு காய்ந்துகொண்டு பதினைந்து இருபது மாடுகள் படுத்திருந்தன. கறுத்த தாரில் கறுத்த மாடு, கண் மட்டும்தான் மின்னும். மிதித்தேன். முதல் மிதியில் கார் குறைந்தது. அதற்கு முன் இரண்டு தடவை பஸ்களுக்காகப் பிரேக் பிடித்த சூடு பாக்கி இருந்ததால் இரண்டாவது மிதியில் பெடல் பஞ்சு போலப் போனது. யாரோ மலிவாகப் பூட்டிய பிரேக் கட்டை, மாற்றியே பல வருடமான பிரேக் எண்ணெய். கரையில் இறக்கிப் பாலை மரத்துக்கு இரண்டு முழம் தள்ளி நிறுத்தினேன். 70 இல் வரும் காரை விட 100 இல் வரும் காரை நிறுத்தப் பிரேக் இரண்டு மடங்கு சூட்டை விழுங்க வேண்டும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கார் வாங்கும் காசில் ஒரு பங்கை நல்ல ரயருக்கும் பிரேக் கட்டைக்கும் பிரேக் எண்ணெய்க்கும் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்குள் காரைப் பாருங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மின்சாரம் வருகிறதே என்று கேட்டீர்கள். வரட்டும். என் கவலை வேறு. பந்தயம்தான் நல்ல காரை வீதிக்குக் கொண்டுவரும். பந்தய விதியே நிறுவனத்தின் கழுத்தைப் பிடித்து, இத்தனை கார்களை வீதிக்கு விற்றால்தான் நீ ஓடலாம் என்றது. லான்சர் எவலூஷன் அப்படிப் பிறந்த கார். 1996 முதல் 1999 வரை டொமி மக்கினன் அதில் நான்கு வருடம் தொடர்ந்து உலக ரலிச் சம்பியன். 2020 இல் டொயோட்டா ஜிஆர் யாரிஸைச் செய்ததும் அதே காரணத்துக்காக. மூன்று சிலிண்டர், 1618 சிசி, நான்கு சக்கர இழுவை, அதற்கென்றே மூன்று கதவு உடல். அந்தக் கோவிட் வருடத்தில் அவர்களுடைய புதிய ரலிக் கார்த் திட்டம் கைவிடப்பட்டது, வீதிக் கார் மட்டும் மிஞ்சியது. இன்றைய ரலியின் மேல் வகுப்புக் கார்கள் குழாய்ச் சட்டத்தில் கட்டப்படுகின்றன, வீதிக் காரோடு அவற்றுக்குள்ள உறவு வெளித்தோற்றம் மட்டும்தான். அந்தக் கயிறு அறுந்ததுதான் எனக்குத் துக்கம், பற்றரி வந்தது அல்ல.

ஃபோர்முலா ஒன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 இல் 1.6 லீற்றர் வி6 ஹைபிரிட் வந்ததும் சத்தம் போய்விட்டது என்று எல்லோரும் அழுதார்கள். 2017 இல் மெர்சிடிஸ் தன் எஞ்சின் சோதனை மேடையில் எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது என்று அறிவித்தது. மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் எண்ணி ஊற்றியவனுக்கு அந்தச் செய்தி சங்கீதம். நாங்கள் ஊற்றியதில் பெரும்பங்கு புகையாகவும் சூடாகவும்தான் போயிற்று.

கடைசியாக உங்கள் காருக்கு வருகிறேன். எனக்குக் கிளாஞ்சா மேல் ஆசை, ஆனாலும் உங்களுக்குச் சுவிஃப்ட் ஸ்போர்ட்டைத்தான் சொல்வேன். அதன் எம்16ஏ எஞ்சினில் வால்வுகளை ஓட்டுவது ரைமிங் பெல்ட் இல்லை, சங்கிலி. டர்போ இல்லாததால் சூட்டுக் கணக்கு எளிது. 136 குதிரைவலுவும் நிமிடத்துக்கு 6900 சுற்றில்தான் முழுமையாக வரும், அதனால் கியரைச் சரியாகப் போடப் பழகுவீர்கள். அதே எஞ்சின் கிராண்ட் விற்றாராவிலும் வந்திருப்பதால் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் ஊரில் திறந்து பார்த்துத் திருத்த முடியாத கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எனக்கு வேண்டாம். இவ்வளவு பழைய டர்போ காரை முதல் காராக எடுத்தால் ஓட்டுகிற நாளை விட என்னிடம் நிற்கிற நாள்தான் அதிகமாக இருக்கும். எனக்கு வருமானம் வரும், உங்களுக்கு ஆசை விட்டுப்போகும். அது நடக்கக்கூடாது.

தண்ணீரூற்று எழுதியது:

பரந்தன் அண்ணாவுக்கு வணக்கம். நான் முள்ளியவளைப் பக்கம், இப்போது டொரொன்டோவில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அப்பாவிடம் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் இருந்தது. 2009 மாசியில் புதுக்குடியிருப்பில் விட்டுவிட்டு நடந்தோம். அப்பா சாவியை மட்டும் கொண்டுவந்தார். அது இன்றும் எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது.

ஒரு சின்னத் திருத்தம், கோபிக்காதீர்கள். 1964 மொன்டே கார்லோவில் எஞ்சின் அளவுக்கேற்ற ஒரு சமன்படுத்தும் கணக்கு இருந்தது. விசேட கட்டங்களில் நேரத்தை மட்டும் பார்த்தால் ஃபால்கன்தான் வேகம், கணக்குப் போட்ட பிறகே மினி மேலே வந்தது. மினியின் பெருமைக்கு 1965 ஐச் சொல்லுங்கள். பனிப்புயலில் பெரும்பாலான கார்கள் நின்றுபோன வருடம் அது. டிமோ மக்கினன் 1275 சிசி கூப்பர் எஸ்ஸில் வழியில் ஒரு தண்டப் புள்ளிகூட வாங்காமல் வந்து சேர்ந்தார். 1966 இல் முன்விளக்குக் குமிழைக் காரணம் காட்டி மினிகளைத் தகுதி நீக்கினார்கள், 1967 இல் ரௌனோ ஆல்டனன் மறுபடியும் வென்றார்.

கேட்ட தம்பிக்கு: எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

பரந்தன் கராஜ்காரன் எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி. அந்தச் சஞ்சிகையில் அந்தக் கணக்கு இருந்திருக்கும், என் ஆங்கிலம் அன்றைக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. இனி 1965 ஐத்தான் சொல்வேன். சாவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை தம்பி. அதில் துரு ஏறாமல் கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள்.

எங்கே ஓட்டுவது? ஏ9 இல் இல்லை. அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும், மாலையில் மாடு, மாங்குளம் பக்கம் இரவில் யானை. இரணைமடுக் குளக்கட்டிலும் வேண்டாம், அங்கே பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள். நான் சித்திரையில் நுவரெலியாவுக்குப் போய் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்ப்பேன். தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்துக்கும் போயிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு களம் இல்லை என்பது எனக்குப் பல வருட ஏக்கம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் போர்க் கால விமான ஓடுபாதையில்தான் பந்தயம் தொடங்கியது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தைப் பந்தயக் களமும் விமானத் தளம்தான். கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஜோர்டான் அணியில் ஃபோர்முலா ஒன் ஓட்டினார் என்றால், தமிழ்நாட்டில் ஓடிப் பழகக் களம் இருந்தது. எங்களுக்கு ஓடுபாதைகூட வேண்டாம். ஒரு கிரவல் மைதானம், முப்பது கூம்பு, ஒரு நேரக் கடிகாரம், ஒரு முதலுதவி வண்டி, பிரதேச சபையின் அனுமதிக் கடிதம். கூம்புகளுக்கு நடுவே இரண்டாவது கியரில் ஓடினாலே காரின் நிறை எந்தச் சக்கரத்தில் ஏறுகிறது என்று முதுகு சொல்லித் தரும். அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு ஆள் தேவை.

கரடிப்போக்கு எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. கையெழுத்தில் முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும், ஆலையில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். சுவிஃப்ட் உரிமையாளரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பரந்தனுக்குக் கொண்டுவந்து காட்டச் சம்மதித்திருக்கிறார். என்ன பார்ப்பீர்கள்? நான் முதலே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பரந்தன் கராஜ்காரன் எழுதியது:

ஞாயிறு காலையில் ஓட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். சனி மாலையே கொண்டுவந்து என் கராஜில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகட்டும். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினை நானே முதலில் எழுப்பிக் கேட்க வேண்டும். சங்கிலி தளர்ந்திருந்தால் முதல் இரண்டு மூன்று விநாடியில்தான் சலசலக்கும், பிறகு ஒயில் அழுத்தம் வந்து மறைத்துவிடும். அதன் பிறகு பிளக் நான்கையும் கழற்றிக் கொம்பிறஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்ப்போம். எந்தச் சிலிண்டராவது குறைத்துக் காட்டினால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடியும் பார்ப்பேன். அளவு ஏறினால் பழுது பிஸ்டன் வளையத்தில், ஏறாவிட்டால் வால்வில். யாழ்ப்பாணக் கடற்காற்றில் நின்ற கார் என்பதால் அடித்தட்டைத் தட்டித் துருவும் பார்க்க வேண்டும்.

நீங்கள் ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். திருப்புளியை உங்கள் காதிலும் வைத்துக் கேட்கலாம்.